கென்யா செல்லுமுன்: தடுப்பூசி, மலேரியா மாத்திரை, உடல்நலம் குறித்து ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து கென்யாவுக்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் விமானச் சீட்டையும், மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் தங்கும் இடத்தையும், காட்டைச் சுற்றிப் பார்க்கும் வண்டியையும் உறுதி செய்த பிறகே தடுப்பூசியைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகின்றன. அந்த விசாரணையும் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் எங்கே கிடைக்கும் என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது. விமான நிலையத்தில் கேட்கப்படும் தாள் என்பதால் அதன்மீது எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது. ஆனால் கென்யாவுக்குச் செல்பவர் மிகவும் அஞ்ச வேண்டிய தொற்று மலேரியாதான். அதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை; பயணிகளுக்கென்று தடுப்பூசியும் இல்லை. ஆகவே சான்றிதழைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டு, மாத்திரைக்கும் கொசுவலைக்கும் கூடுதலான இடம் ஒதுக்குகிறேன்.

எதைச் செய்வதானாலும், புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி 8 வாரங்களைக் கணக்கிட்டு, அந்த வாரத்திலேயே மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது. சில ஊசிகளுக்கு இரண்டு தவணை உண்டு. சில ஊசிகளுக்கிடையே நான்கு வார இடைவெளி தேவைப்படும். மலேரியா மாத்திரைகளில் ஒன்றைப் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். குடும்ப மருத்துவரிடம் செல்லும்போது கென்யா என்று மட்டும் சொல்லாமல், எந்தெந்த ஊர், எந்த மாதம், எத்தனை இரவு, கூடாரமா விடுதியா என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே மலேரியா அபாயம் மிகக் குறைவு. மாசாய் மாரா, மொம்பாசா கடற்கரை, விக்டோரியா ஏரியை ஒட்டிய கிசுமு ஆகிய பகுதிகளில் நிலைமை வேறு. நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. கென்யாவின் நீண்ட மழைக்காலம் மார்ச் முதல் மே வரை நீடிக்கிறது. விடுமுறையை நம்பிச் செல்லும் குடும்பம், கொசு பெருகும் பருவத்திலேயே அங்கே போய் இறங்குகிறது என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

இந்தியாவிலிருந்து நேராக வருபவரிடம் கென்யா இந்தச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. கேட்பது, திரும்பி வரும்போது நம் நாடு. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, அதாவது டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் தாராளமாக வளர்கிறது. அந்த வைரஸ் ஒரே ஒரு பயணியின் இரத்தத்தில் வந்து இறங்கினாலும் இங்கே பரவுவதற்கு எல்லாம் ஆயத்தமாக இருப்பதால், மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலை அரசு வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் வருபவரை 6 நாள் வரை தனிமைப்படுத்துகிறது. கென்யாவும் உகாண்டாவும் அந்தப் பட்டியலில் உள்ளன. கென்யாவிலிருந்து நமங்கா எல்லை வழியாகத் தான்சானியாவுக்கோ, விமானத்தில் சான்சிபார் தீவுக்கோ செல்வதாக இருந்தால் அங்கேயும் இதே சான்றிதழைக் கேட்பார்கள்.

இந்த ஊசியைத் தெருமுனை மருத்துவமனையில் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்கள் தரும் சான்றிதழ் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையமும், சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களின் சுகாதார அலுவலகங்களும் இதற்கானவை. குப்பியைத் திறந்து கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதாலும், ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருப்பதாலும், மையங்கள் குறித்த நாட்களில் ஆட்களைச் சேர்த்துத்தான் ஊசி போடுகின்றன. நினைத்த அன்றைக்குப் போய் நின்றால் திரும்பி வர நேரிடும். முன்பதிவு முறையையும் கட்டணத்தையும் விசாரித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு செல்ல வேண்டும்.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். பயணத்துக்கு நான்கு நாள் முன்பு ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு, குறுகிய சுற்றுலா முடிந்து, ஊசி போட்ட எட்டாம் நாளிலேயே திரும்பினால், சான்றிதழான மஞ்சள் புத்தகம் கையில் இருந்தும் பயனிராது. முன்பு இது 10 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்ற விதி இருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒரு தவணை வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று உலக சுகாதார விதிமுறைகள் மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே முன்பே போட்டுக்கொண்டவர்கள் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தால் போதும்.

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் மேசையை விட்டு நகராமல் அங்கேயே சரிபாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, தலைப்பெழுத்து உட்பட இருக்க வேண்டும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இந்த இடத்தில்தான் அடிக்கடி பிழை நேர்கிறது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், மருத்துவரின் கையொப்பம், மையத்தின் முத்திரை ஆகியவற்றோடு, உங்கள் கையொப்பத்துக்கான இடமும் நிரம்பியிருக்க வேண்டும். பின்னாளில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும் என்பதால், பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துச் செல்வது பாதுகாப்பு.

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆன தடுப்பூசி. 1930களில் மாக்ஸ் தைலர் உருவாக்கிய 17டி வகையே இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதற்காக அவருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலோருக்கு ஓரிரு நாள் உடல்வலி, இலேசான காய்ச்சல் என்பதோடு போய்விடும். ஆனாலும் எல்லோரும் போட்டுக்கொள்ளக்கூடிய ஊசி அன்று. கோழி முட்டைக் கருவில் வளர்க்கப்படுவதால் முட்டை கடுமையாக ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், தைமஸ் சுரப்பி நோயுள்ளவர்கள், 9 மாதம் நிறையாத குழந்தைகள் ஆகியோர் தவிர்க்க வேண்டும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரின் தனிப்பட்ட ஆலோசனை இன்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது. மையத்தில் நீட்டும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறியிட்டுத் தருவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யாதீர்கள்; எடுத்துக்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் சொல்லுங்கள்.

அறுபது வயதைக் கடந்த பெற்றோரை உடன் அழைத்துச் செல்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். முதல் முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் முதியவர்களுக்கு, உள்ளுறுப்புகளையோ நரம்பு மண்டலத்தையோ தாக்கும் கடுமையான பின்விளைவு அரிதாக நேர்கிறது. அரிது என்றாலும் இளையவர்களைவிட அவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அவர்களது இதயம், சிறுநீரகம், சர்க்கரை எல்லாவற்றையும் அறிந்த மருத்துவரே இதில் முடிவு சொல்ல வேண்டும். ஊசி ஆகாது என்று அவர் சொன்னால், ஏதாவது ஒரு கடிதத்தை வாங்கிச் சமாளிக்கப் பார்ப்பதைவிட, யானையையும் சிங்கத்தையும் காண மஞ்சள் காய்ச்சல் இல்லாத தென்னாப்பிரிக்காவுக்குப் பயணத்தை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து.

மற்ற ஊசிகள்

டைஃபாய்டும் ஹெப்படைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலையும் உணவாலும் நீராலும் வருபவை. இரண்டுக்கும் ஊசி உண்டு; பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் மூத்த தலைமுறையினரில் பலருக்குச் சிறுவயதிலேயே ஹெப்படைடிஸ் ஏ வந்துபோய் எதிர்ப்புச் சக்தி இருக்கும். வடிகட்டிய நீரைக் குடித்தே வளர்ந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு அது இருப்பதில்லை என்பதால் இந்த ஊசி அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு பத்து ஆண்டு ஆகியிருந்தால் மீண்டும் ஒன்று. தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் போட்டதற்குச் சான்று இல்லாதவர்கள் அதையும் கேளுங்கள். அதுவும் உயிருள்ள தடுப்பூசி என்பதால், மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கும் அதற்கும் நான்கு வார இடைவெளி விடுவது நல்லது. 8 வாரம் முன்பே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. காட்டோர விடுதிகளில் குரங்குகள் சாப்பாட்டு மேசைவரை வருகின்றன. குழந்தைகள் வாழைப்பழத்தை நீட்டுவார்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்கூட்டியே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டவருக்கு, தொலைவான இடங்களில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் மருந்து தேவைப்படாது. மேலும் இரண்டு ஊசி போதும். நீண்ட நாள் தங்குபவர்களும் சிறு குழந்தைகளோடு செல்பவர்களும் இதற்குச் செலவிடலாம். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு இது விருப்பத்தைப் பொறுத்தது.

மலேரியா

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு மலேரியா என்பது குளிரெடுத்து நடுங்கி, மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிடும் நோயாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. இங்கே பெரும்பாலும் கண்டது வைவாக்ஸ் வகை. கென்யாவில் மிகுதியாக இருப்பது ஃபால்சிபாரம் வகை. இது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி, சிகிச்சை தாமதமானால் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும். நாங்கள் கொசுக்கடியிலேயே வளர்ந்தவர்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறோம். உள்ளூர்க் கொசுக்கடி அந்த நோய்க்கு எதிராக எந்தக் கவசத்தையும் தருவதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்து வேறு நாட்டில் குடியேறியவர்களுக்குக்கூட இருந்த எதிர்ப்புச் சக்தி சில ஆண்டுகளில் மங்கிவிடுகிறது.

மலேரியாவுக்கு ஊசி வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் ஊசியும், புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 ஊசியும் நோய் மிகுந்த பகுதிகளில் வாழும் சிறு குழந்தைகளுக்கானவை. பயணிகள் நம்ப வேண்டியது மாத்திரையைத்தான். மருத்துவர் எழுதக்கூடியவை மூன்று. டாக்சிசைக்ளின் நாள்தோறும் ஒன்று. பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்று. இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம். அட்டோவகோன்-புரோகுவானில் நாள்தோறும் ஒன்று. ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள் போதும்.

எது யாருக்கு என்பதில்தான் மருத்துவரின் வேலை இருக்கிறது. டாக்சிசைக்ளின் விலை மலிவு. ஆனால் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் தருவதில்லை. அதைச் சாப்பிடுபவரின் தோல் வெயிலுக்கு எளிதில் கன்றிவிடும் என்பதால், திறந்த கூரை வண்டியில் நாள் முழுவதும் நின்று விலங்குகளைப் பார்ப்பவர் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிய வேண்டும். வெறும் வயிற்றில், ஒரு மிடறு நீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். ஆகவே இரவு உணவுக்கு நடுவிலோ உணவு முடிந்த உடனேயோ ஒரு தம்ளர் நிறைய நீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மெஃப்ளோகுயின் மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆகாது. தூக்கத்தில் கொடுங்கனவுகளும் வரக்கூடும். அட்டோவகோன்-புரோகுவானில் பொதுவாக உடலுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. விலை கூடுதல், எல்லா மருந்துக்கடையிலும் இருப்பு இருக்காது என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பத்து நாள் பயணத்துக்கு, கட்டுப்படியானால், நான் இதையே கேட்டு வாங்கச் சொல்வேன். திரும்பிய பின் ஏழு நாள் மட்டுமே என்பதால் இடையில் நிறுத்திவிடும் ஆபத்து குறைவு.

உறவினர் வீட்டில் யாராவது குளோரோகுயின் மாத்திரையை நினைவுபடுத்தக்கூடும். கென்யாவின் ஃபால்சிபாரத்துக்கு அது பயனற்றது. டெங்குப் பருவத்தில் நாம் குடிக்கும் நிலவேம்புக் குடிநீரும் மலேரியா மாத்திரைக்கு மாற்று அன்று. குடிக்க விரும்புபவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும், ஆனால் மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

எந்த மாத்திரையும் முழுக் காப்பு தருவதில்லை. கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வது அதற்கு இணையாக முக்கியம். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை கடிக்கும். மாலைச் சுற்று முடிந்து திரும்பியதும் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, திறந்திருக்கும் தோலில் 20 முதல் 30 விழுக்காடு டீட் கலந்த கொசுவிரட்டியோ 20 விழுக்காடு பிகாரிடின் உள்ளதோ பூச வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் களிம்புகளில் பல இதைவிட வீரியம் குறைந்தவை என்பதால் உறையில் உள்ள அளவைப் படித்து வாங்குங்கள். வெயில் களிம்பும் பூசுவதாக இருந்தால் அது முதலில், கொசுவிரட்டி அதற்கு மேலே. மொம்பாசா கடற்கரையில் பகலில் கடித்து டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் இருப்பதால் அங்கே பகலிலும் பூச வேண்டும்.

கூடாரத்தில் கொசுவலையைப் பணியாளர்கள் மாலையிலேயே விரித்து வைத்திருப்பார்கள். படுக்குமுன் விளக்கை வலைக்குள் காட்டி உள்ளே கொசு இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, வலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகுங்கள். தரைவரை தொங்கவிடுவது மட்டும் போதாது. இரவில் கழிப்பறைக்கு எழுந்துபோய் வந்தவர் மறுபடி செருகாமல் படுத்துவிடுவதே வழக்கமாக நேரும் தவறு.

சஃபாரிக்கான உடையில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம். அந்த நிறங்கள் செட்சி ஈக்களை ஈர்க்கின்றன; துணியைத் துளைத்துக் கடிக்கும் அந்த ஈ, உறக்க நோயைப் பரப்பக்கூடியது. காக்கியோ வெளிர்ப் பழுப்போ போதும்.

உணவும் நீரும்

கென்யத் தேநீர் பாலும் நீரும் தேயிலையும் சேர்த்துக் கொதிக்க வைத்தது, தயங்காமல் குடிக்கலாம். சூடாக எடுத்த சப்பாத்தி, எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமான மந்தாசி, களியைப் போன்ற உகாலி எல்லாமே நம் நாக்குக்கும் வயிற்றுக்கும் பழக்கமான வகையே. கவனம் வேண்டியது தட்டின் ஓரத்தில் வரும் கச்சும்பாரி என்னும், சமைக்காத தக்காளி வெங்காயக் கலவைக்கு. பார்க்க நம் வெங்காயப் பச்சடி போலவே இருப்பதால் கை தானாகப் போகும். எந்த நீரில் கழுவினார்கள், எப்போது நறுக்கினார்கள் என்று தெரியாத இடத்தில் அதைத் தொடாமல் விடுங்கள். பழச்சாற்றில் போடும் பனிக்கட்டிக்கும் இதே விதி.

கென்யாவில் நெகிழிக் கைப்பைகள் 2017 ஆகஸ்ட் முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பாட்டிலும் கூடாது. ஆகவே மருந்துகளைத் துணிப்பையில் கட்டுங்கள்; ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் சென்று விடுதியில் வடிகட்டிய அல்லது கொதிக்கவைத்த நீரை நிரப்பிக்கொள்ளுங்கள். பல் துலக்கவும் அதே நீர்.

வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். பொட்டலம் தீர்ந்துபோனால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், நீர் குடித்தாலும் வாந்தி என்றால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கையிருப்பில் உள்ள ஆன்டிபயாடிக்கை அவரவர் விருப்பப்படி விழுங்க வேண்டாம்.

விக்டோரியா ஏரியிலும் மற்ற நன்னீர் நிலைகளிலும் இறங்கிக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். அங்குள்ள நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்புழு தோலைத் துளைத்து உள்ளே சென்று பில்ஹார்சியா நோயை உண்டாக்கும். கடலும், குளோரின் இட்ட நீச்சல் குளமும் இந்த வகையில் அச்சமற்றவை.

எடுத்துச் செல்ல வேண்டியவை

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டின் நகலோடு, பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுவிடக்கூடும். மாராவிலிருந்து நைரோபிக்குச் சாலை வழியாகப் பல மணி நேரம் ஆகும் என்பதால், பயணக் காப்பீட்டில் விமானம் வழியாக நோயாளியை ஏற்றிச் செல்லும் வசதி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். 1957இல் தொடங்கிய ஆம்ரெஃப் அமைப்பின் பறக்கும் மருத்துவர் சேவை நைரோபியிலிருந்து இதைச் செய்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கும் குறுகிய கால உறுப்பினர் திட்டம் வைத்திருக்கிறது.

திரும்பிய பிறகு

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் பலர். கல்லீரலில் தங்கியிருந்து பிறகு இரத்தத்துக்கு வரும் கிருமியைக் கொல்வதற்காகவே டாக்சிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் நான்கு வாரம் தொடரச் சொல்லப்படுகின்றன. கைபேசியில் மணி வைத்துக்கொண்டாவது கடைசி மாத்திரைவரை முடியுங்கள்.

மலேரியா பகுதிக்குள் சென்ற ஏழாம் நாள் முதல், திரும்பிய பின் மூன்று மாதம்வரை எந்தக் காய்ச்சல் வந்தாலும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று மாதம் கடந்தும், ஓராண்டுவரை, அரிதாக வரக்கூடும். இங்கே காய்ச்சல் என்றால் முதலில் டெங்குப் பரிசோதனைக்குத்தான் எழுதுவார்கள். ஆகவே வரவேற்பு மேசையிலேயே கென்யா போய் வந்தேன் என்று சொல்லி, மலேரியாவுக்கான இரத்தப் பூச்சுப் பரிசோதனையையும் அன்றே கேளுங்கள். முதல் பரிசோதனையில் கிருமி தென்படாமல் போவதுண்டு. காய்ச்சல் நீடித்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மேலும் இரண்டு முறை இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை இல்லை என்று வந்த அறிக்கையை நம்பி வீட்டில் படுத்திருக்க வேண்டாம்.